வண்ணம் பூசினால் ஊர் பிழைக்காது

ஒரு பகுதி களையிழந்து கிடந்தால் அதை மீட்கக் கலையைக் கொண்டுவாருங்கள் என்பது இன்று சென்னையில் எதிர்ப்பே இல்லாமல் செல்லுபடியாகிற கருத்து. சுவரோவியம் வரையுங்கள், வீதியை அடைத்து விழா நடத்துங்கள், நடைபாதை வளாகம் அமையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரம்பரிய நடைக்கு ஆள் சேருங்கள். கலை வந்தால் மக்கள் வருவார்கள். மக்கள் வந்தால் வியாபாரம் வரும். வியாபாரம் வந்தால் ஊர் தானே நிமிரும். பிளேஸ்மேக்கிங் என்று இதற்குப் பெயரிட்டு அதிகாரிகளும் அறக்கட்டளைகளும் பெயிண்ட் கம்பெனிகளும் கட்டடக்கலை வல்லுநர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கருத்து தலைகீழாக நிற்கிறது. ஊர் இருந்தால்தான் கலை வரும். ஊர் என்றால் அங்கேயே குடியிருந்து, அங்கேயே பிழைத்து, நாளைக்கும் அங்கேயே இருப்போம் என்று நம்புகிற மனிதர்கள். அவர்களுடைய இருப்பை உறுதிசெய்யாமல் அவர்கள் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவதைப் புத்துயிர் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தக் கட்சியினர் முதலில் சுட்டிக்காட்டுவது மயிலாப்பூரை. பண்பாடு ஒரு பகுதியை வாழவைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். சரி, மயிலாப்பூரையே பார்ப்போம். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் வீதியுலா அன்று மாட வீதிகளில் திரளும் கூட்டத்துக்கு மோரும் பானகமும் சோறும் கொடுப்பது யார்? கடைக்காரர்கள், தெருச் சங்கத்தார், ஆட்டோ நிறுத்தத்துக்காரர்கள், தலைமுறையாக அதைச் செய்துவரும் குடும்பங்கள். எந்த ஆலோசனை நிறுவனமும் அவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கவில்லை. சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் மயிலையின் விழாக்களை மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு போகிறது: ஐப்பசி ஓணம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். கோயிலோடு கடலும் சேரியும் தென்னையும் அந்தப் பதிகத்துக்குள் வருகின்றன. சாமி கடலாடப் போக வேண்டுமானால் கரையில் ஒரு ஊர் இருந்தாக வேண்டும். அது இருந்தது. விழா அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வடக்கு மாட வீதியின் ஓரத்தில் கொலு பொம்மைக் கடைகள் வரிசையாக முளைக்கின்றன. பொம்மை செய்கிறவர்கள் வெளியூர்களில் இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் சுற்றுவட்டத் தெருக்களில் படி கட்டிக் கொலு வைக்கிறவர்கள். இருவரையும் சேர்த்துவைப்பது நடைபாதையில் ஒரு தார்ப்பாய் விரிக்கிற அளவு இடம். அந்த இடம் போனால் பொம்மைத் தொழிலின் ஒரு சந்தை போகும். எந்த அருங்காட்சியகமும் அதை ஈடுகட்டாது. ஜனவரியில் நடக்கிற மயிலாப்பூர் விழாவின் கோலப் போட்டி ஏன் அதே வடக்கு மாட வீதியில் அவ்வளவு அழகாக எடுபடுகிறது? விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகிய கைகள் அக்கம்பக்கத்தில் இருப்பதால்தான். அந்த விழாவை நான் குறைசொல்லவில்லை. அது இல்லாத ஒன்றை உண்டாக்கியதாகச் சொல்லிக்கொள்வதில்லை; இருக்கிற ஒன்றுக்கு ஆண்டுக்கொரு முறை மரியாதை செய்கிறது. ஆனால் வாசல் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தமாக மாறிக்கொண்டிருக்கும்போது, போட்டி நடத்தினால் கோலம் பிழைத்துவிடும் என்று எவரும் சொன்னால் அதை ஏற்க முடியாது.

லஸ் முனையில் ஆழ்வார் கடை என்று ஒரு பழைய புத்தகக் கடை இருந்ததை மயிலாப்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லாத நடைபாதைக் கடை. பொறியியல் மாணவனும் மருத்துவ மாணவியும் பாடப்புத்தகத்துக்காக அங்கேதான் வந்தார்கள்; கைச்செலவுக்குக் குறைந்த காசில் நாவல் தேடியவர்களும் அங்கேயே நின்றார்கள். எத்தனையோ பேரை அந்த நடைபாதை படிக்கவைத்தது. இன்று ஒரு வடிவமைப்பாளர் லஸ்ஸில் ‘வாசிப்பு மூலை’ அமைக்கத் திட்டம் போட்டால், மர இருக்கையும் கண்ணாடி அலமாரியும் வரும். முதலில் அகற்றப்படுவது ஆழ்வார் கடையைப் போன்ற கடையாகத்தான் இருக்கும். நடைபாதை ஆக்கிரமிப்பு என்று அதற்குக் காரணமும் எழுதுவார்கள்.

தியாகராய நகரின் கதையும் வேறல்ல. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான குடியிருப்பு அது. திட்டமிட்டவர்கள் பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகளைப் பிரித்துப் போட்டார்கள். அந்த வரைபடம் நல்ல வரைபடம். ஆனால் அதைத் தமிழ்ப் பதிப்புலகின் தலைநகராக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. வானதியும் கண்ணதாசன் பதிப்பகமும் மணிமேகலைப் பிரசுரமும் நியூ புக்லேண்ட்ஸும் அங்கே வேர்விட்டன. புத்தகம் அடுக்க இடம் கிடைத்தது. மாம்பலம் ரயிலிலும் பேருந்திலும் வந்திறங்கும் வாசகர் நடந்தே கடைக்கு வர முடிந்தது. எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் பக்கத்துத் தெருக்களில் குடியிருந்தார்கள். நடிகர் சித்தூர் வி. நாகையா முன்னின்று உருவாக்கிய வாணி மகால் ஜி.என். செட்டி சாலையில் எழுந்ததும் இந்தச் சூழலில்தான். ஒரு பகுதியில் பண்பாடு எப்படி ஊறுகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் வாடகை ரசீதையும் பேருந்து வழித்தடத்தையும் படிக்க வேண்டும். கருத்தரங்க மலர்களில் அது இருக்காது.

இனி, இந்தக் கருத்து தன் வெற்றியாகக் கொண்டாடுகிற இடத்துக்கு வருகிறேன். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர் 2000இல் குடியேற்றப்பட்டது. 23,000க்கு மேற்பட்ட வீடுகள். ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்து, நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைந்தன. சென்னையின் முதல் ‘கலை மாவட்டம்’ என்று அதற்குப் பெயரும் கிடைத்தது. அந்த ஓவியங்கள் அழகானவை. வரைந்தவர்களின் உழைப்பில் எனக்கு மதிப்பு உண்டு. அந்த முகங்களைப் பார்த்துச் சிரித்த குழந்தைகளின் மகிழ்ச்சியும் உண்மையானது.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இழந்தது எது? மயிலாப்பூரிலும் அடையாறிலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண், காலையில் நடந்தே வேலைக்குப் போனவர், இப்போது விடியுமுன் பேருந்துக்கு நிற்கிறார். ஒரு வீட்டு வேலை முடிந்து மத்தியானம் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வசதி அவருக்கு இல்லாமல் போயிற்று. கடன் கொடுக்கிற அண்ணாச்சி, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்கா, சாவு விழுந்தால் மேளத்தோடு வந்து நிற்கிற தெருப் பையன்கள், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் எல்லாம் ஒரே லாரிப் பயணத்தில் அறுந்தன. இவைதாம் பண்பாடு. பெயர்த்தெடுக்கும்போது இதையெல்லாம் அழித்துவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்துச் சுவரில் ஓவியமாகத் திருப்பிக் கொடுப்பதைப் புத்துயிர் என்று சொல்வது அந்த மக்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

ஓவியம் வந்த பிறகு அந்த இடத்தின் மேல் ஒட்டியிருந்த அவப்பெயர் குறைந்தது என்பார்கள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்ற கொடுமை அங்கிருந்த இளைஞர்கள் அனுபவித்து அறிந்தது. ஆனால் அந்தப் பெயரைத் தமிழ்நாடே பெருமையாக உச்சரித்த ஒரு நேரம் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகரில் வளர்ந்த பெண் ஒருவர் ஆடினார். ஊர்ப்பெயரைச் சேர்த்தே அவரை எல்லோரும் அழைத்தார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது நாள் தவறாத பயிற்சியும், சொல்லிக்கொடுக்க ஒருவர் நின்றதும். மானம் அந்த வழியில் வருகிறது.

நகரத்தின் வெளிப்புறம் மட்டுமா? மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகர் 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நடந்த இடிப்பு. வீடு இடிபடுவதைத் தாங்காமல் முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். வெளியேற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த ஒரு அறிவிப்பில், தென்சென்னையில் இதுவரை தீட்டப்பட்ட எல்லாச் சுவரோவியங்களையும்விட அதிகமான புத்துயிர் இருந்தது. ‘அங்கேயே’ என்பதுதான் அந்த மக்கள் கேட்ட ஒரே சொல்.

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை அவர்கள். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் அதன் தொடக்கக் காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ மாடிக் குடியிருப்பு கட்டியது. கடற்கரையோரக் குப்பங்களின் அடுக்குவீடுகள் அப்படி எழுந்தவை. அந்தக் கட்டடங்கள் குறுகலானவை. பராமரிப்பில்லாமல் பல பாழடைந்தன. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் மீன்பிடிக்கிறவர் கடலோரத்திலும், பூக்கட்டுகிறவர் கோயிலருகிலும், பந்தல் போடுகிறவர் கல்யாண மண்டபங்களுக்குப் பக்கத்திலும் அரை நூற்றாண்டு தங்க முடிந்தது அவற்றால்தான். இன்று எல்லோரும் மெச்சுகிற மயிலாப்பூரின் வீதி வாழ்க்கைக்கு உழைப்பைக் கொடுத்த கைகள் அந்த வீடுகளில் குடியிருந்தன. சென்னையில் நடந்த மிகப்பெரிய பிளேஸ்மேக்கிங் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். பின்னாளில் அந்த வழியைக் கைவிட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூரத் தூரக் கொண்டுபோய்க் கொட்டியதே இந்நகரத்தின் பண்பாட்டுக்கு நேர்ந்த பெரிய சேதம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களும் அதே திசையில் அனுப்பப்பட்டன.

பாண்டி பஜாரை எடுத்துக்கொண்டால் நியாயமாகப் பேச வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் நல்ல காரியம். வயதானவர்கள் உட்கார இடம் கிடைத்தது. குழந்தையோடு வருகிறவர்கள் பயமில்லாமல் நடக்க முடிகிறது. நடைபாதை குடிமக்களின் உரிமை, அதை நான் எங்கும் ஆதரிப்பேன். ஆனால் அந்தத் தெருவின் கலகலப்பை வளாகம் உண்டாக்கியது என்ற பேச்சு பொய். வளையலும் ரிப்பனும் செருப்பும் பேரம் பேசி வாங்குவதற்காகத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். அந்த நடைபாதை வியாபாரிகள் 2013இலேயே அடுக்குமாடி வணிக வளாகத்துக்குள் மாற்றப்பட்டுவிட்டார்கள். தெருவில் நடக்கிறவரின் கண்ணில் படுவதே தெருக்கடையின் மூலதனம். மாடியேறி வந்து ஹேர்பின் வாங்குகிறவர் எத்தனை பேர்? அடுத்த ஆண்டே, 2014இல், தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. இடத்தை உருவாக்குவது பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட ஆவணங்களில் மிகச் சிறந்தது இந்தச் சட்டம் என்பது என் எண்ணம். வடிவமைப்புக் கருத்தரங்குகளில் இது எப்போதாவதுதான் பேச்சுக்கு வருகிறது.

கடற்கரையில் அழகுபடுத்தல் என்ற சொல்லுக்கு இன்னும் கசப்பான வரலாறு இருக்கிறது. 1985இல் மெரினாவை அழகாக்குவதற்காக மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனபோது துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகளை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது, கடைகள் அகற்றப்பட்டன, நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே 366 கடைகளோடு மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடியில் குறைகள் இருக்கலாம். ஆனால் மீன் விற்கிற பெண்கள் தங்கள் கரையிலேயே இருக்கிறார்கள்.

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்திய விழா அது. கர்நாடக இசையும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் வந்தன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பெருமை குப்பத்தை மேம்படுத்தியதில் இல்லை. சபா வாசலைத் தாண்டாத ரசிகர்களை மீன் காய்கிற மணலில் கொண்டுவந்து உட்காரவைத்து, உங்கள் இசை ஏன் ஒரு சாதியாரின் வீட்டுக்குள் அடைபட்டது என்று கேட்டதில் இருக்கிறது. திருத்தப்பட வேண்டியது சபா என்று அது சொன்னது. இதைக் கலையால் குப்பம் வளர்ந்த கதையாகத் திரித்துச் சொல்வது அந்த விழாவையே அவமதிப்பதாகும்.

அதே பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் நடனக் கலைஞர் சந்திரலேகா தன் வீட்டு வளாகத்தை ஸ்பேசஸ் என்ற பெயரில் கலைஞர்களுக்குத் திறந்துவைத்தார். 2006இல் அவர் மறைந்த பிறகும் நாடகக் குழுக்களுக்கும் நடனக்காரர்களுக்கும் அங்கே ஒத்திகைக்கு இடம் கிடைத்துவருகிறது. கலைக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்: காசில்லாத ஒரு குழு ஆறு மாதம் வியர்வை சிந்த ஒரு தரை. 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சேர்ந்த சென்னையில், பெரிய சபாக்களின் வாடகையைக் கொடுக்க முடியாத கூத்துக் குழுவும் கானா பாடகர்களும் எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாநகராட்சியிடம் மண்டபங்களும் பள்ளிக் கட்டடங்களும் இருக்கின்றன. மாலையில் அவற்றைத் திறந்துவிட ஒரு பெயிண்ட் கம்பெனியின் நிதி வேண்டியதில்லை.

வெளிநாட்டு முன்மாதிரிகளைக் காட்டுகிறவர்கள் கதையின் பின்பாதியைச் சொல்வதில்லை. படைப்பாளிகள் வந்தால் நகரம் செழிக்கும் என்று 2002இல் எழுதிப் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஃபுளோரிடா, 2017இல் வெளிவந்த நூலில் அந்தச் செழிப்பு ஏற்றத்தாழ்வையும் வாடகைக் கொடுமையையும் கூட்டிக்கொண்டு வந்ததை எழுதும்படி ஆயிற்று. பெர்லின் நகரத்தின் க்ராய்ஸ்பெர்க் பகுதியில் ப்ளூ என்ற ஓவியர் வரைந்த மாபெரும் சுவரோவியங்கள் உலகப் புகழ் பெற்றிருந்தன. அவற்றைக் காட்டியே சுற்றியுள்ள மனைகளின் விலையை ஏற்றுகிறார்கள் என்று கண்டபோது, 2014 டிசம்பரில் அவருடைய ஒப்புதலோடு அந்த ஓவியங்கள் ஒரே இரவில் கறுப்பு வண்ணம் பூசி அழிக்கப்பட்டன. தன் கலை யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்ட கலைஞர் அவர். நம் ஊரில் சுவரில் ஏறுகிறவர்களும் அதைக் கேட்க வேண்டும்.

வீடு கட்டாதே, ஓவியம் வரை என்று நாங்கள் எங்கே சொன்னோம், இரண்டும் நடக்கட்டுமே என்று பதில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஓவியம் மலிவு, படம் நன்றாக விழும், திறப்பு விழா நடத்தலாம், மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பட்டா, குடிநீர், லிஃப்ட் பழுது, பேருந்து, பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி எல்லாம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். யாருக்கும் கைதட்டு கிடைக்காது. முதலில் ஓவியம் முடிந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஏதோ செய்தாயிற்று என்ற எண்ணம் கோப்பிலும் பொதுப்புத்தியிலும் பதிந்துவிடுகிறது. பிறகு மற்றதைக் கேட்கிறவர்கள் நன்றி கெட்டவர்களாகத் தெரிவார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் வீடு கட்ட முடியாது, ஓவியம்தான் முடியும் என்றால் தாராளமாக வரையுங்கள். ஓவியம் என்று சொல்லுங்கள். ஊரை மீட்டோம் என்று சொல்லாதீர்கள்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாட வீதிகளை நடைபாதை வீதிகளாக்கும் யோசனை அவ்வப்போது எழுகிறது, மீண்டும் எழும். உங்கள் தெருவுக்கு விழாவும் வண்ணமும் வரும். வரட்டும், போய்ப் பாருங்கள். போவதற்கு முன்பு உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த வேலை முடிந்த பிறகு இங்கே பூவும் பொம்மையும் மீனும் விற்கிறவர்கள் எந்த இடத்தில் இருப்பார்கள்? நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது? கோவிந்தசாமி நகர் மக்களுக்கு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் வீடு தருவதாக 2022இல் சட்டமன்றத்தில் சொன்னார்களே, எத்தனை குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தீர்கள்?